உதிர்ந்த பிட்டும் உடைந்த கரையும்

மதுரைக்காரர்களுக்குச் சங்கம் வைப்பது புதுப் பழக்கமில்லை. தென்மதுரையில் ஒன்று, கபாடபுரத்தில் ஒன்று என்று முதலிரண்டையும் கடலோரமாக வைத்தார்கள். இரண்டையும் கடல் கொண்டுபோனது. அலை வாசற்படிக்கு வந்த பிறகும் எதுகை மோனை பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? மூன்றாவது தடவை பாண்டியன் உஷாராகிவிட்டான். கடற்காற்றே வீசாத இடமாகப் பார்த்து, வைகைக் கரையில் சங்கத்தை உட்காரவைத்தான். வைகை ஊரை விழுங்காது என்பது அவன் நம்பிக்கை. வருஷத்தில் பாதி நாள் அதற்கே தொண்டை காய்ந்து கிடக்கும்.

மூன்றாம் சங்கம் தமிழ் வளர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். நீர்நிலை விஷயத்தில் அதன் சாதனை கொஞ்சம் குறைவு. நக்கீரர் பொற்றாமரைக் குளத்துக்குள் போனதை ஊரின் முதல் ஜலப் போராட்டமாகக் கொள்ளலாம் என்றால், அவருடைய பிரச்சினை பெண்களின் கூந்தல் வாசனை. குளத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தானாக இறங்கவும் இல்லை, நெற்றிக்கண் சூடு தாங்காமல் விழுந்தார். அதே குளம் சம்பந்தமாக உருப்படியாய் ஒரு மனுக் கொடுத்தது ஒரு நாரை. “சுவாமி, இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது. இருந்தால் எங்கள் இனத்தார் தின்று பாவம் சேர்த்துவிடுவார்கள்” என்றது. அப்படியே ஆகட்டும் என்றார் சொக்கநாதர். ஒரே வாய்தாவில் உத்தரவு. மனுதாரருக்குச் சிவலோகத்தில் இடமும் கிடைத்தது. மற்ற நாரைகள் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு எங்கே போயின, மீன்கள் தரப்பில் யாரையாவது கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்களா என்பதெல்லாம் புராணத்தில் இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் பாதிக்கப்படுகிறவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்ற மரபு அப்போதே வந்துவிட்டது.

ஆற்றைக் காப்பாற்று, கண்மாயைக் காப்பாற்று என்று கரைக்காரர்கள் திரண்டுபோய், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசை கட்டி நிற்பது இந்தக் காலத்துப் படித்தவர்கள் கண்டுபிடித்த வேலை என்று சிலருக்கு நினைப்பு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைப் புரட்டினால் தெரியும். அறுபத்து நான்கு விளையாடல்களில் கணிசமானவை தண்ணீர்த் தகராறுதான்.

வைகையின் பிறப்பே ஒரு கல்யாண மண்டபப் பிரச்சினையிலிருந்து வந்தது. மீனாட்சி கல்யாணத்தில் சமையல் எக்கச்சக்கமாக மிஞ்சிவிட்டது. பெண் வீட்டார் பெருமையாக மாப்பிள்ளையிடம் சொல்ல, மாப்பிள்ளை தன் கூட்டத்திலிருந்து குண்டோதரன் என்ற ஒரு குள்ளனை அனுப்பினார். அவன் சோற்று மலையைக் காலி பண்ணிவிட்டுத் தாகம் தாகம் என்று கத்த, கிணறு குளமெல்லாம் வற்றியும் அவனுக்குப் போதவில்லை. அதற்காகக் கூப்பிடப்பட்டதுதான் இந்த ஆறு. ஆக, கல்யாண வீட்டு மிச்சத்துக்கும் வைகைக்கும் ஆதியிலிருந்தே உறவு இருக்கிறது. இன்றைக்கும் எச்சில் இலைகளை ஆற்றில் கொண்டுவந்து கொட்டுகிறவர்களைக் கேட்டால் மரபு என்பார்கள். குண்டோதரனாவது இலையில் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்து உக்கிர பாண்டியன். மழை பெய்யவில்லை. நம்மாட்கள் என்றால் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைப்பார்கள். உக்கிரன் பொதிகை மலைப் பக்கம் வேட்டைக்குப் போனபோது நான்கு மேகங்கள் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தான். பிடித்து விலங்கு மாட்டிச் சிறையில் போட்டுவிட்டான். எந்தப் பிரிவில் வழக்கு, எத்தனை நாள் காவல் என்று தகவல் இல்லை. மேகங்களின் மேலதிகாரி இந்திரன் சண்டைக்கு வந்து, கிரீடத்தைப் பறிகொடுத்துத் திரும்பி, கடைசியில் ஒழுங்காக மழை பெய்வதாகக் கடிதம் அனுப்பினான். பாண்டியன் நம்பவில்லை. ஒரு வேளாளர் முன்வந்து பிணை நின்ற பிறகுதான் மேகங்களை விட்டான். தேவேந்திரன் கைப்பட எழுதிக்கொடுத்தாலும் செல்லாது, உழுகிறவன் சொன்னால் செல்லும். இப்போது அந்த வேளாளரின் வாரிசுகள் பயிர்க்கடன் வாங்கப் போனால் அவர்களுக்குப் பிணை நிற்க இரண்டு பேர் கேட்கிறார்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எல்லாம் ஒரு குதிரை பேரத்தில் தொடங்கியது.

அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவரச் சொல்லி அமைச்சர் வாதவூரரிடம் கருவூலப் பணத்தைக் கொடுத்தான். அமைச்சர் திருப்பெருந்துறை வரைக்கும் போனார், குருவைக் கண்டார், பணம் முழுவதையும் கோயிலுக்குச் செலவழித்தார். தணிக்கையில் மாட்டும் நேரத்தில் நரிகள் குதிரைகளாகி வந்து இறங்கின. பில் போட்டு வரவு வைத்தாயிற்று. ராத்திரியானதும் குதிரைகள் திரும்ப நரிகளாகி, லாயத்தில் இருந்த அசல் குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டன. வாங்கிய சரக்கு ஆறே மாதத்தில் பல்லிளிப்பதெல்லாம் ஒரு விஷயமா? இங்கே ஒரே ராத்திரியில் ஊளையிட்டிருக்கிறது.

பாண்டியன் அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை என்பதைக் கவனிக்கவும். பக்தன் கால் சுடுவதைப் பொறுக்காத சிவபெருமான் வெள்ளத்தைத் திறந்துவிட்டார். முன்னெச்சரிக்கை, தண்டோரா எதுவும் கிடையாது. கரை உடைந்தது. ஆக, கொள்முதலில் தவறு அமைச்சர் மேல், தண்டனை கொடுத்தது ராஜா, தண்ணீர் திறந்தது சாமி. வீட்டுக்குள் சேறு புகுந்தது மட்டும் கரையோரத்துக்காரனுக்கு.

பாண்டியன் உத்தரவு போட்டான்: வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு இவ்வளவு கரை. கோல் வைத்து அளந்து பங்கு பிரித்துவிட்டார்கள். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. ஒரே ஒரு பங்கு மட்டும் பொக்கைப் பல் தெரிகிற மாதிரி திறந்துகிடந்தது. அது வந்தி என்ற கிழவியின் பங்கு. பிள்ளைகுட்டி கிடையாது, பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். முதியோர் விலக்கு, ஆதரவற்றோர் விலக்கு என்று எதையும் அந்த உத்தரவில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஒரு கூலியாள் வந்தான். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை, தோளில் மண்வெட்டி.

“ஏப்பா, என் பங்கை அடைச்சுத் தருவியா? கையில காசு இல்ல. அவிக்கிற பிட்டுல உதிர்ந்தது உனக்கு.”

“முழுசு?”

“முழுசு விக்கிறதுக்குய்யா.”

“சரி ஆத்தா. உதிர்ந்தது எனக்கு, முழுசு உனக்கு. பெறகு பேச்சு மாறக் கூடாது.”

அன்றைக்கு அவித்த பிட்டு அத்தனையும் உதிர்ந்தது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு சரத்தை நுழைத்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிற வித்தையை நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் எங்கே கற்றார்கள் என்று நெடுநாளாக எனக்குச் சந்தேகம் இருந்தது.

கூலி முன்பணமாகவே வயிற்றுக்குள் போய்விட்டதால், ஆள் வேலைக்குப் போனான். ஒரு கூடை மண்ணை எடுத்தான், பாரமாக இருக்கிறது என்று பாதியைக் கொட்டினான். மீதியைச் சுமந்து நாலடி நடந்து பாட்டுப் பாடினான், கூத்தாடினான். கூடையை ஆற்றில் தவறவிட்டுப் பின்னாலேயே குதித்து நீந்தினான். கடைசியில் மர நிழலில் துணியை விரித்துப் படுத்தே விட்டான். பக்கத்துப் பங்குக்காரர்கள் முதுகொடிய மண் சுமந்துகொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போட்டுக் கேலி செய்கிற கனவான்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். மரத்தடியில் படுத்திருப்பது யார் என்று வெளியே பார்த்துத் தெரியாது.

மேற்பார்வையாளர் மேலே சொன்னார். பாண்டியனே நேரில் ஆய்வுக்கு வந்து, பிரம்பை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி ராஜா முதுகில் விழுந்தது, ராணி முதுகில் விழுந்தது, மந்திரி, சேனாதிபதி, குதிரை, மரம், வயிற்றுப் பிள்ளை வரைக்கும் எல்லார் முதுகிலும் விழுந்தது. ஆற்றங்கரைக் கூலிக்குக் கொடுத்த அடி மேட்டுத்தெருக்காரனுக்கும் வலித்தது மதுரை வரலாற்றில் அந்த ஒரு தடவைதான். கூலியாள் ஒரே கூடை மண்ணை வீசிக் கரையை அடைத்துவிட்டு மறைந்துபோனான். கரையைப் பலப்படுத்தினானா, அளவுப் புத்தகத்தில் எவ்வளவு ஏறியது என்று கேட்க ஆள் இல்லை.

இந்தக் கதையை ஆவணி மூலத் திருவிழாவில் இப்போதும் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் நடத்துகிறார்கள். சுந்தரேசுவரர் தங்கக் கூடையும் தங்க மண்வெட்டியுமாக வந்து மண் சுமக்கிறார். கூட்டம் அம்முகிறது. ஜனங்கள் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு, பொட்டலம் கட்டிய பாலித்தீன் பையை அதே கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எல்லாரும் பிரம்படியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கதையின் உயிர் அந்த அளவுகோலில் இருக்கிறது. பிட்டு விற்கிற கிழவிக்கும் ஆற்றங்கரையில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரைக்கும் என்று பெயர் போட்டு ஒரு பங்கு இருந்தது. அது அடைபடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும். சாமியே வந்தாலும் வந்தி பேரைச் சொல்லித்தான் கூடையைத் தூக்க வேண்டியிருந்தது.

கண்மாய்களிலும் இதே கணக்குத்தான் நடந்தது. குடிமராமத்து என்பார்கள். ஆயக்கட்டில் நிலம் எவ்வளவோ, அந்த அளவுக்கு ஆள் அனுப்பி, வரத்துக்கால் வெட்டி, கரைக்கு மண் போட வேண்டும். மடை திறக்க ஊருக்கு ஒரு நீர்க்கட்டி உண்டு. பாண்டிய நாட்டுக் கண்மாய்களின் உள்வாயில் இரண்டு கல்தூண் நட்டு நிற்கும் குமிழித் தூம்பை இன்றும் பார்க்கலாம். மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. அடைகல்லைத் தூக்க ஆள் முங்கி நீந்திப் போக வேண்டும். மேலே தெளிந்த தண்ணீர் போகும். அடியில் அது இழுக்கிற இழுப்பில் வண்டலும் கரைந்து வயலுக்குப் போய்விடும். தூர்வாருவதற்குத் தனியாக டெண்டர் விட வேண்டியதில்லை. இந்த ஒரே குறையினால்தான் இந்தத் தொழில்நுட்பம் நம் காலத்தில் எடுபடாமல் போயிற்று.

நாயக்கர் காலத்துக்கு வந்தால் தண்ணீருக்குக் கொஞ்சம் ஆடம்பரம் கூடிவிடுகிறது. திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க வண்டியூர்ப் பக்கம் மண் எடுத்தார், பெரிய பள்ளம் விழுந்தது என்பார்கள். சவுடு மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெர்மிட்டைப் புதுப்பித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது பிற்கால நாகரிகம். நாயக்கர் பழைய ஆள். நாலு பக்கமும் படிக்கட்டு வைத்து, நடுவில் மைய மண்டபம் கட்டி, வைகையிலிருந்து தண்ணீர் வர வாய்க்காலும் விட்டு, 1645 வாக்கில் மாரியம்மன் தெப்பக்குளம் என்று ஆக்கிவிட்டார். பிற்பாடு வாய்க்கால் தூர்ந்துபோய், அந்தத் தெப்பக்குளத்துக்குள் பையன்கள் பல தலைமுறை கிரிக்கெட் ஆடினார்கள். மைய மண்டபத்தில் பந்து பட்டால் எத்தனை ரன் என்பது அந்தந்தப் பேட்டைச் சட்டம்.

அழகர் விஷயமும் நாயக்கர் கைவரிசைதான். அதுவரை தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தவரை மதுரைக்குத் திருப்பிவிட்டு, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு இழுத்து இரண்டையும் ஒன்றாக்கினார் என்பது ஊர்ப்பேச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணன் தாமதமாக வந்து கோபித்துக்கொண்டு போகிறார் என்று ஜனங்கள் கதை கட்டிக்கொண்டார்கள். கோயில் கதைப்படி அவர் வருகிற காரியம் வேறு. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப் போன மண்டூக முனிவர் வைகைக் கரையில் தவம் கிடக்கிறார். அவருக்கு மோட்சம் கொடுக்க வருகிறார் அழகர். ஆற்றங்கரையின் நிரந்தரக் குடியிருப்பாளர் ஒரு தவளை. அதன் குறை தீர்க்க வருஷத்துக்கு ஒரு தடவை மேலிடமே மலையிறங்கி வருகிறது. தவளை இருக்கிற ஆற்றில்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும் என்று விலங்கியல் படித்தவர்களும் சொல்கிறார்கள். அழகர் வருவதற்குச் சில நாள் முன்னால் வைகை அணையில் ஷட்டரைத் தூக்குகிறார்கள். அணை வறண்ட வருஷமென்றால் ஆற்றுக்குள் தொட்டி கட்டி போர்த் தண்ணீரை நிரப்பி அதில் இறக்குகிறார்கள். இவ்வளவு வேகமாக வைகையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்த பாசனச் சங்கம் ஒன்றுகூடக் கிடையாது.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்னுக்கு மதுரை நெரிசலாகப் பட்டது. கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கு அந்த நிலம் சொந்தம் என்று அறிவித்தார். முற்றுகை போட்டும் சில படைகளால் தாண்ட முடியாத அகழியை, பட்டா கிடைக்கும் என்றதும் ஜனங்கள் சாவகாசமாக நிரப்பிவிட்டார்கள். முன்னின்று வேலை பார்த்த சர்வேயர் மாரெட் பேரில் ஒரு வீதி, பெருமாள் மேஸ்திரி பேரில் ஒரு வீதி. கலெக்டருக்கு நன்றி சொல்லி விளக்குத்தூண் நட்டார்கள். நீர்நிலையை மூடினால் வீட்டுமனையும் கிடைக்கும், தெருவுக்குப் பெயரும் கிடைக்கும் என்று ஊருக்கு முதன்முதலில் பாடம் எடுத்தவர் அவர்தான். மாணவர்கள் குருவை மிஞ்சிவிட்டார்கள்.

1858இல் சென்னை மாகாணத்தில் குடிமராமத்துக்கு ஒரு சட்டமே வந்தது. வேலைக்கு வராதவனுக்கு அபராதம். கண்மாயின் மீன், மரம், புல், வண்டல் எல்லாம் சர்க்கார் கணக்கில். மண்வெட்டி பிடிப்பது மட்டும் ஊரான் கணக்கில். உதிர்ந்தது உனக்கு, முழுசு எனக்கு. ஊரான் சிவபெருமான் அல்லவே, மெல்ல மண்வெட்டியைக் கீழே போட்டான். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. பென்னிகுக்கின் புண்ணியத்தில் மேலூர் வரைக்கும் கால்வாய் ஓடியது. அது நிஜமாகவே பெரிய காரியம். கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அதிலிருந்து தண்ணீர் என்பது அணையில் இருக்கிற பொருள், அதிகாரி திறந்தால் வரும் என்ற எண்ணம் ஊறிப்போயிற்று. கரையில் கோல் வைத்து அளந்த பங்கு போய், கையில் மனு வந்தது.

மனுவின் காலத்தில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னால் கண்ணீர் வரும், வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கிருதுமால் நதி என்று ஒன்று மதுரைக்குள் ஓடியது. மச்சாவதாரம் தொடங்கியதே அதில்தான் என்று பாகவதம் சொல்கிறது: சத்தியவிரதன் என்ற ராஜா தர்ப்பணத்துக்கு அள்ளிய தண்ணீரில் குட்டி மீனாக வந்தார் திருமால். அந்த நதி இப்போது ஊரின் சாக்கடை. ராஜா இன்றைக்குக் கை நனைத்தால் அவதாரம் நடக்காது, அரிப்புதான் நடக்கும். டவுன் பஸ்ஸில் ஏறினால் பீபீகுளம், ஆத்திகுளம், தல்லாகுளம், கோசாகுளம் என்று கண்டக்டர் வாயில் குளங்கள் நிரம்பி வழிகின்றன. இறங்கிப் பார்த்தால் பிளாட் நம்பர். உலகனேரிக் கண்மாயில் 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது, சம்பவ இடத்திலேயே விசாரணை. 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில் தண்ணீர் பழைய விலாசங்களைத் தேடிக்கொண்டு செல்லூருக்கும் பீபீகுளத்துக்கும் வந்தது. வீட்டுக்காரர்கள் அதை ஆக்கிரமிப்பு என்றார்கள். தண்ணீரும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

தெர்மாகோலைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு அட்டைகளை ஒட்டி நீரில் மிதக்கவிட்டார். பத்து லட்சம் ரூபாய்த் திட்டம் என்று செய்தி. காற்றடித்ததும் அட்டைகள் வந்த வழியே கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. நான் அவரைக் கொஞ்சம் ஆதரித்துப் பேச வேண்டும். வருணன் ஏழு மேகங்களை மதுரை மேல் ஏவியபோது, சொக்கநாதர் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை விட்டு, அவற்றை நான்கு மாடங்களாக்கி ஊரையே மூடிக் காப்பாற்றினார். நான்மாடக்கூடல் என்ற பெயர் அதனால் வந்தது. மேலே மூடி போட்டால் காரியம் ஆகும் என்று நம்புவதற்கு மதுரைக்காரருக்கு முன்மாதிரி இருக்கிறது. சாமி பொருளைக் கொஞ்சம் கனமானதாகத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

இனி மேலூர்.

மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் பழைய பங்கு இன்னும் முழுசாகச் செத்துப்போகவில்லை. அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வைக்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்ஜனம் விடியற்காலையிலேயே கரையில் வந்து நிற்கும். பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும் வரைக்கும் ஒருத்தர் கால் நனையாது. துண்டு அசைந்த மறுவிநாடி கண்மாய் முழுக்கத் தலைகள். ஊத்தாக் கூடையை ‘டப்’பென்று சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். உள்ளே விராலா கெளுத்தியா என்பதைக் கையில் முள் குத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள், அன்றைக்கு எல்லா வீட்டிலும் குழம்பு. இப்படிப் பழகிய ஜனத்திடம் போய், கண்மாய் உங்களுடையதில்லை என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

கிரானைட்காரர்களுக்கு அது இருந்தது. குன்றுகளை அறுத்து, கழிவுக் கல்லைக் கண்மாயிலும் வரத்துக்காலிலும் தள்ளினார்கள். 2012இல் கலெக்டர் சகாயம் கணக்குப் போட்டு 16,338 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசுக்கு எழுதினார். அடுத்து அவரை மாற்றினார்கள். பின்னால் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு அனுப்பியது. 2015 செப்டம்பரில் சின்னமலம்பட்டிச் சுடுகாட்டைத் தோண்டிப் பார்க்க வேண்டிய நிலை வந்தபோது, தடயம் கலைந்துவிடக் கூடாது என்று ராத்திரி அங்கேயே கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். சுடுகாட்டில் வசிப்பவர் ஆற்றங்கரையில் வேலை நேரத்தில் தூங்கியதைப் புராணம் சொல்கிறது. வேலைக்காகச் சுடுகாட்டில் தூங்கியவரைப் பற்றி அரசு கோப்பு சொல்கிறது.

அரிட்டாபட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஊர். தன் மலையில் கை வைத்த குவாரியை விரட்டிய ஊரும்கூட. ஏழு குன்று, எழுபத்திரண்டு நீர்நிலை, இருநூறு சுனை. பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்து, பாண்டியர் குடைந்த சிவன் கோயில், உச்சியில் லகர் வல்லூறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று 193 ஹெக்டேரை அரசு அறிவித்தது. ஊர் பெருமைப்பட்டு இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேர் ஏலம் போய்விட்டதாக டெல்லி அறிவித்தது. எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க். அந்தத் தொகுதிக்குள் பாரம்பரியத் தலமும் இருந்தது. கோயில் இருக்கிறது, சுனை இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது. வரைபடத்தில் இருந்தது டங்ஸ்டன் மட்டும்தான்.

டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேலூர்க்காரர் கொதிக்க அவ்வளவு தேவைப்படாது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. டெல்லி இறங்கிவந்து, பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாமா என்று கேட்டது. உதிர்ந்தது உனக்கு, முழுசு எனக்கு! இந்தப் பேரம் வைகைக் கரைக்குப் புதுசா? ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூரில் கடைகள் அடைத்துக்கிடந்தன. நரசிங்கம்பட்டியிலிருந்து ஜனம் நடக்கத் தொடங்கியது. இலக்கு, மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம். மத்திய அரசு அலுவலகம் என்று ஊரில் கைக்கெட்டுவது அதுதான். கடிதமாகப் போட்டால் எப்போது போய்ச் சேருமோ என்று ஆட்களே போனார்கள் போலிருக்கிறது. நாற்று நட வேண்டியவர்கள், மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய கிழவர்கள். போலீஸ் வழியில் நிறுத்திப் பார்த்தது. நாலுவழிச் சாலை முழுக்க மனிதர்கள். வெள்ளைத் துண்டு வீசுவதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் டெல்லிக்குப் போய்ச் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைப் பார்த்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. வெற்றி யாருக்குச் சொந்தம் என்று எல்லாக் கட்சியும் கோலை எடுத்துக்கொண்டு அளக்க வந்தன. மூன்று நாள் கழித்து முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கே வந்து பாராட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது, பதினோராயிரத்துச் சொச்சம் பேர் மேல். மொத்தத்தையும் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. பாண்டியனின் மேற்பார்வையாளருக்கு ஓர் ஆள் மரத்தடியில் தூங்குவதுதான் கண்ணில் பட்டது. மேலூர் இன்ஸ்பெக்டர்கள் பதினோராயிரம் பேர் நடப்பதை வெயிலில் நின்று எண்ணியிருக்கிறார்கள். கரையில் இன்னார் பங்கு இவ்வளவு என்று யாராவது மறுபடியும் பட்டியல் எழுத உட்கார்ந்தால், பேர் சேகரிக்க வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. மேலூர் ஸ்டேஷனில் கேட்டால் முதல் தகவல் அறிக்கையின் நகல் கிடைக்கும்.